வெட்டிய தாடையை எங்கே வைப்பது? வழிகாட்டும் கணினி

இந்த வாரப் பாடத்தை ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். இரண்டு சுட்டுவிரல்களையும் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால், கன்னத்தின் மேல் வையுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரல் நுனியில் ஓர் எலும்புக் குமிழ் அசைவது தெரிகிறதா? கொஞ்சமாகத் திறக்கும்போது அந்தக் குமிழ் ஏறக்குறைய ஓரிடத்திலேயே சுழலும். கொட்டாவி விடுவதுபோல் அகலமாகத் திறந்தால் அது முன்னோக்கி வழுக்கிச் செல்லும். வாயை மூடும்போது மறுபடி பின்னால் வந்து தன் குழியில் அமரும்.

அதுதான் உங்கள் தாடை மூட்டு. கதவின் கீல் சுழல மட்டுமே செய்யும். தாடையின் கீல் சுழலவும் செய்யும், இடம் மாறவும் செய்யும். உணவை மெல்லவும் பேசவும் இது நமக்கு வசதி. ஆனால், தாடை எலும்பை வெட்டிப் புதிய இடத்தில் பொருத்தும் மருத்துவருக்கு இதுவே பெரிய தொல்லை. எதை வைத்து அளப்பது? அளவுகோலாகப் பயன்படுத்தும் பொருளே நகர்ந்தால் அளவு என்னவாகும்? இந்தக் கேள்விக்குக் கணினி எப்படிப் பதில் சொல்கிறது என்பதே இன்றைய பாடம். உங்கள் வகுப்பில் படிக்கும் முக்கோணம், பைதகோரஸ் தேற்றம், ஒளி எதிரொளிப்பு எல்லாம் இதில் வரும்.

யாருக்கு இந்த அறுவை?

சிலருக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் வளர்ந்துவிடும். சிலருக்குப் பின்தங்கி நிற்கும். இன்னும் சிலருக்குக் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகும் முன்பற்கள் சேராமல் இடைவெளி இருக்கும். அப்படிப்பட்டவர் மீ கோரேங் சாப்பிடும்போது முன்பல்லால் மீயைக் கடித்துத் துண்டிக்க முடியாது. நாக்கை வைத்துத்தான் அறுக்க வேண்டும். சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் அதிகமாக வளர்ந்து தாடை ஒருபுறம் சாய்ந்திருக்கும். தாடை பின்தங்கியிருப்பதால் உறக்கத்தில் மூச்சுவழி அடைபட்டுத் துன்பப்படுவோரும் உண்டு.

பல் கம்பி பற்களை மட்டுமே நகர்த்தும். எலும்பின் அளவிலோ இடத்திலோ உள்ள பெரிய வேறுபாட்டை அதனால் சரிசெய்ய முடியாது. அப்போதுதான் தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. பெரும்பாலும் முகவளர்ச்சி நின்ற பிறகே, அதாவது பதின்ம வயதின் இறுதியிலோ அதற்குப் பிறகோ, இதைச் செய்வார்கள். அதற்கு முன் பல மாதங்கள் பல் கம்பி அணிந்து பற்களை வரிசைப்படுத்த வேண்டும். ஆகவே இது ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. பல் சீரமைப்பு மருத்துவரும் முகத்தாடை அறுவை மருத்துவரும் சேர்ந்து நீண்ட காலம் செய்யும் பணி.

எங்கே வெட்டுகிறார்கள்?

மேல்தாடையை வெட்டும் முறைக்கு லெ ஃபோர்ட் 1 என்று பெயர். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட், இறந்தவர்களின் தலைகளில் விசையோடு அடித்து, முக எலும்புகள் எங்கே உடைகின்றன என்று ஆராய்ந்தார். அவை கண்டபடி உடையவில்லை. மூன்று குறிப்பிட்ட கோடுகளை ஒட்டியே உடைந்தன. இதை அவர் 1901-இல் வெளியிட்டார். அவற்றில் மிகக் கீழே உள்ள கோடு, பல் வேர்களுக்கு மேலாக, மூக்கின் அடிப்பகுதியை ஒட்டிக் கிடைமட்டமாகச் செல்கிறது. விபத்தில் எலும்பு உடையும் அதே கோட்டைத்தான் பிற்கால மருத்துவர்கள் அறுவைக்கு வெட்டுக்கோடாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் கோட்டில் வெட்டினால், மேற்பற்களும் வாயின் மேல்கூரையும் சேர்ந்த பகுதி ஒரே துண்டாகக் கழன்று வரும். கேட்கவே பயமாக இருக்கிறதா? அந்தத் துண்டு முழுவதும் துண்டிக்கப்படுவதில்லை. பின்புறத்திலும் மேல்கூரையிலும் உள்ள மென்திசு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் வழியே இரத்தம் பாயும். அந்த இரத்த ஓட்டமே எலும்பை உயிரோடு வைத்து, பிறகு ஒட்டவும் வைக்கிறது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பெல் குரங்குகளில் செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின.

கீழ்த்தாடைக்கான முறையை ரிச்சர்ட் டிரௌனரும் ஹியூகோ ஓப்வெகேசரும் 1957-இல் வெளியிட்டார்கள். இதில் தாடையின் பின்பகுதியைக் குறுக்கே வெட்டாமல், நீளவாக்கில் இரண்டு அடுக்குகளாகப் பிளக்கிறார்கள். பிளந்த பிறகு, தீப்பெட்டியின் உள்ளறை வழுக்குவதுபோல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். தாடையை முன்னால் இழுத்தாலும் பின்னால் தள்ளினாலும் இரண்டு அடுக்குகளும் தொட்டுக்கொண்டே இருப்பதால் எலும்பு எளிதில் ஒட்டும். இதில் ஆபத்தும் இருக்கிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அது காயப்பட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அந்த மரப்பு நீங்காமலே போகலாம்.

வெட்டுகள் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே செய்யப்படுவதால் முகத்தில் தழும்பு தெரிவதில்லை. எலும்பைப் புதிய இடத்தில் வைத்தபின் சிறு டைட்டானியத் தகடுகளையும் திருகுகளையும் கொண்டு இறுக்குவார்கள். திருகு இறுகிவிட்டால் அந்த இடம்தான் நிலை. அதனால் இறுக்குவதற்கு முந்தைய சில நிமிடங்களே மிக முக்கியமானவை.

பழைய முறையும் அதன் பலவீனமும்

கணினி வருவதற்கு முன் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? நோயாளியின் பற்களுக்கு அச்செடுத்துப் பிளாஸ்டரில் மாதிரி செய்தார்கள். தாடைபோல் திறந்து மூடும் ஒரு கருவியில் அந்த மாதிரிகளைப் பொருத்தினார்கள். எக்ஸ்ரே படத்தில் கோடு போட்டு, எத்தனை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பிறகு பிளாஸ்டர் மாதிரியை அறுத்து, அதே அளவு நகர்த்தி, மேற்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் நடுவே பொருந்தும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டைச் செய்தார்கள். இதைக் கடித்தட்டு என்று சொல்வோம். அறுவையின்போது வெட்டிய மேல்தாடையைக் கடித்தட்டில் பொருத்தி, அதைக் கீழ்த்தாடையோடு கம்பியால் கட்டினால், மேல்தாடை திட்டமிட்ட இடத்துக்கு வந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு.

இது மட்டமான முறை அல்ல. ஆயிரக்கணக்கானோர் இதனால் நலம்பெற்றார்கள். இன்றும் கடித்தட்டு பயன்படுகிறது; இப்போது அதைக் கணினியில் வடிவமைத்து முப்பரிமாண அச்சில் செய்கிறார்கள். ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. கடித்தட்டு மேல்தாடையின் இடத்தைக் கீழ்த்தாடையைக் கொண்டுதான் காட்டுகிறது. கீழ்த்தாடையோ நீங்கள் விரல் வைத்துப் பார்த்த அந்த வழுக்கும் மூட்டில் தொங்குகிறது!

நோயாளி மயக்க மருந்தில் மல்லாந்து படுத்திருக்கிறார். தாடைத் தசைகள் தளர்ந்திருக்கின்றன. மருத்துவரின் கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் குமிழ் குழிக்குள் பின்னால் போகும். கொஞ்சம் இழுத்தால் முன்னால் வரும். குமிழ் 2 மில்லிமீட்டர் பின்னால் இருக்கும்போது தகடுகளை இறுக்கிவிட்டால், மேல்தாடையும் திட்டத்தைவிடப் பின்தங்கியே நின்றுவிடும். நோயாளி கண்விழித்ததும் தசைகள் இறுகி, குமிழ் தன் இயல்பான இடத்துக்கு வரும். அப்போது, கூடத்தில் அழகாகப் பொருந்திய பற்கள் பொருந்தாமல் போகலாம்.

இன்னொரு குறை, உயரம். மேல்தாடையும் கீழ்த்தாடையும் கடித்தட்டோடு சேர்ந்து ஒரே கட்டாக மேலும் கீழும் சுழல முடியும். எந்த உயரத்தில் நிறுத்துவது என்று கடித்தட்டு சொல்லாது. சிரிக்கும்போது எவ்வளவு பல் தெரியும் என்பது அந்த உயரத்தைப் பொறுத்தது.

அதனால் மருத்துவர்கள் மூக்கின் வேர்ப்பகுதி எலும்பில் ஒரு சிறு கம்பியைப் பொருத்தி, அங்கிருந்து முன்பல் வரை உள்ள தூரத்தை அளக்கத் தொடங்கினார்கள். இது சரியான திசையில் எடுத்துவைத்த அடி. மண்டையோடு நகராது, எனவே அதை வைத்து அளக்கலாம். ஆனால் ஒரே ஒரு தூரம் போதுமா? ஒரு புள்ளியிலிருந்து 90 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ள இடங்கள் எத்தனை? எண்ணிலடங்காதவை. அவை எல்லாம் சேர்ந்து ஒரு கோளத்தின் மேற்பரப்பாகும். தூரம் சரியாக இருந்தும் பல் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். மண்டையோட்டை வைத்து மூன்று திசைகளிலும் அளக்க ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் கணினி வழிகாட்டி.

முதல் தேவை: வரைபடம்

காரில் வேஸ் செயலியைப் பார்த்துப் போகும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. கைப்பேசியில் ஒரு வரைபடம் இருக்கிறது. கார் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள்களின் உதவியால் கைப்பேசி கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தை வரைபடத்தின் மேல் சரியாகப் பொருத்திக் காட்டுகிறது. அறுவை வழிகாட்டியிலும் இதே மூன்று வேலைகள்தான்.

இங்கே வரைபடம் என்பது சிடி ஸ்கேன். 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணித அடிப்படையை ஆராய்ந்த ஆலன் கார்மக்கும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ்ரே அளவுகளைச் சேர்த்து, உடலைச் சின்னஞ்சிறு கனசதுரங்களாகக் கணினி பிரித்துக் காட்டுகிறது. ஒரு கனசதுரத்தின் பக்கம் 0.4 மில்லிமீட்டர் என்றால், ஒரு கன சென்டிமீட்டருக்குள் 25 × 25 × 25, அதாவது 15,625 கனசதுரங்கள் இருக்கும். இதைவிட நுட்பமான விவரத்தை அந்தப் படத்தில் எதிர்பார்க்க முடியாது.

பல் கம்பியின் உலோகம் சிடி படத்தில் கீற்றுக்கீற்றாகக் கோடுகளை உண்டாக்கும். அதனால் பற்களை மட்டும் தனியாக ஒளி ஸ்கேனரால் படமெடுத்து, சிடி படத்தோடு இணைப்பார்கள். பிறகு மருத்துவர் திரையிலேயே எலும்பை வெட்டி, நகர்த்தி, சாய்வைத் திருத்தி, எது நல்லது என்று முடிவெடுப்பார். திரையில் எத்தனை முறை தவறினாலும் பரவாயில்லை. ஒரு விசையைத் தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இரண்டாம் தேவை: இடம் காணும் கண்கள்

செயற்கைக்கோள் வழிகாட்டி இங்கே உதவாது. திறந்த வானத்தின் கீழ் நின்றாலே கைப்பேசி சுமார் 5 மீட்டர் தவறக்கூடும். அதனால்தான் மேம்பால நெடுஞ்சாலையில் போகும் காரை, கீழே உள்ள சாலையில் போவதாகச் சில நேரம் காட்டுகிறது. தாடை அறுவைக்கு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும்.

அதற்கு அறுவைக் கூடத்தில் இரட்டைக் கேமராவை நிறுத்துகிறார்கள். அது அகச்சிவப்பு ஒளியை வீசும். மருத்துவரின் கையில் உள்ள சுட்டுக்கோலில் சிறு வெள்ளை உருண்டைகள் மூன்று அல்லது நான்கு பொருத்தப்பட்டிருக்கும். இரவில் நெடுஞ்சாலையில் காரின் விளக்கு பட்டதும் சாலைப் பலகைகள் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் பூச்சு அவற்றில் இருக்கிறது. அதே தன்மை இந்த உருண்டைகளுக்கும் உண்டு. அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்கோ உருண்டைகள் நட்சத்திரங்கள்போல் தெரியும்.

செய்து பாருங்கள்: கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டுங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். சுவரின் பின்னணியில் விரல் இடம் தாவுவதுபோல் தெரியும். விரலைக் கண்ணருகே கொண்டுவந்தால் தாவல் கூடும். தள்ளி வைத்தால் குறையும். இந்தத் தாவலை அளந்தால் தூரத்தைக் கணக்கிடலாம்.

இரண்டு கேமராக்களுக்கும் நடுவே உள்ள தூரம் தெரியும். ஒவ்வொரு கேமராவும் உருண்டையை எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதும் தெரியும். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதையும் வரைந்துவிடலாம் அல்லவா? கூடுதல் கணிதம் எடுப்பவர்கள் சைன் விதியை நினைத்துப் பாருங்கள். கணினி இதை ஒரு நொடிக்குப் பல முறை செய்கிறது. நல்ல கேமரா ஓர் உருண்டையின் இடத்தை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பிழைக்குள் சொல்லிவிடும்.

நோயாளியின் தலை அசைந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. உருண்டைகள் கொண்ட இன்னொரு சிறு சட்டத்தை மண்டையோட்டில் சிறு திருகால் இறுக்குவார்கள். இதைத் தலைக்குறி என்போம். கணினி சுட்டுக்கோலின் இடத்தை அறையை வைத்து அல்ல, தலைக்குறியை வைத்தே கணக்கிடும். ஓடும் பேருந்தில் நீங்கள் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேருந்து கோலாலம்பூரில் இருந்தாலும் ஈப்போவில் இருந்தாலும் நீங்கள் மூன்றாவது இருக்கையில்தான் இருக்கிறீர்கள். அதுபோல, தலை எப்படி அசைந்தாலும் தலைக்குறியும் சேர்ந்து அசைவதால் கணக்கு மாறாது.

மூன்றாம் தேவை: படத்தையும் ஆளையும் பொருத்துதல்

வரைபடம் தயார், இடம் காணும் கண்களும் தயார். ஆனால், திரையில் உள்ள மண்டையோடும் மேசையில் உள்ள நோயாளியின் தலையும் ஒன்றே என்று கணினிக்கு இன்னும் தெரியாது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். முழு வேலையிலும் மிக நுட்பமான கட்டம் இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டுக் கதவைப் பாருங்கள். கதவை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பிடித்துக்கொண்டால் அது எந்தப் பக்கமும் திரும்பும். மேலும் கீழும் இரண்டு கீல்களைப் பொருத்தினால் அது விழாது. ஆனாலும் அந்தக் கீல்களைச் சுற்றித் திறந்து மூடும். மூன்றாவதாகத் தாழ்ப்பாளைப் போட்டால்தான் அசையாது. ஒரே நேர்க்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் இருந்தால் ஒரு திடப்பொருளின் இடம் முழுவதும் உறுதியாகிவிடும். தாழ்ப்பாளைக் கீல்களின் கோட்டிலேயே வைத்தால் பயன் உண்டா? யோசியுங்கள்.

மருத்துவர் சுட்டுக்கோலால் நோயாளியின் பல் நுனி, முன்பே பொருத்திய குறித்திருகு போன்ற இடங்களைத் தொடுகிறார். அதே இடங்கள் சிடி படத்திலும் குறிக்கப்பட்டிருக்கும். படப்புள்ளிகளும் தொட்ட புள்ளிகளும் இயன்ற அளவு நெருங்கி வரும்படி கணினி படத்தைத் திருப்பி, நகர்த்திப் பொருத்துகிறது. குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டும். பிழையைக் குறைக்க அதைவிடக் கூடுதலாகவே தொடுவார்கள். எலும்பை வெட்டும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். வெட்டிய பிறகு பற்கள் இடம் மாறிவிடுமே!

இறுக்குவதற்கு முன் அந்தச் சில நிமிடங்கள்

இப்போது மேல்தாடை வெட்டப்பட்டு, கடித்தட்டின் உதவியால் புதிய இடத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சுட்டுக்கோலால் முன்பற்களின் நடுப்புள்ளியையும், இடம் வலம் இரண்டு கடைவாய்ப் பற்களையும் தொடுகிறார். மறுபடியும் மூன்று புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளியும் திட்டத்தில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்று திரை காட்டும். விலகல் கூடுதலாக இருந்தால், எங்கோ எலும்பு தட்டுகிறது அல்லது மூட்டுக் குமிழ் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். தட்டும் இடத்தைச் சீவிவிட்டு மறுபடி வைத்துப் பார்க்கலாம். திருகு இறுக்கும் முன்பே தவறு தெரிந்துவிடுகிறது. அதுதான் பெரிய பயன்.

தாடை அறுவை பற்றிய ஆய்வுகளில் 2 மில்லிமீட்டருக்குள் உள்ள விலகலை ஏற்கத்தக்கது என்று பெரும்பாலும் கொள்கிறார்கள். இங்கே ஒரு கணக்கு. ஒரு பல் இடம்-வலமாக 1 மில்லிமீட்டர், முன்-பின்னாக 2 மில்லிமீட்டர், மேல்-கீழாக 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் 2-ஐத் தாண்டவில்லை. மொத்த விலகல் எவ்வளவு? படிவம் 1-இல் படித்த பைதகோரஸ் தேற்றத்தை மூன்று திசைகளுக்கு நீட்டுங்கள். 1 + 4 + 4 = 9; அதன் வர்க்கமூலம் 3. அதாவது பல் தன் இடத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே யாராவது 2 மில்லிமீட்டர் துல்லியம் என்று சொன்னால், ஒவ்வொரு திசையிலுமா, மொத்தத்திலா என்று கேட்கப் பழகுங்கள்.

திரையில் வரும் எண்ணை நம்பலாமா?

புள்ளிகளைப் பொருத்தி முடித்ததும், எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தின என்று கணினி ஓர் எண்ணைக் காட்டும். 0.5 மில்லிமீட்டர் என்று வந்தால் மனம் மகிழும். ஆனால் அந்த எண், தொட்ட புள்ளிகளில் உள்ள பிழையை மட்டுமே சொல்கிறது. மருத்துவருக்குத் தேவையானது வேலை செய்யும் இடத்தில் உள்ள பிழை. இரண்டும் ஒன்றல்ல.

எல்லாப் புள்ளிகளையும் நெற்றியில் மட்டும் நெருக்கமாகத் தொட்டதாக வைத்துக்கொள்வோம். பொருத்தம் 1 பாகை திரும்பிவிட்டது. நெற்றியில் அது தெரியவே தெரியாது. புள்ளிகளின் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக என்ன ஆகும்?

20 மில்லிமீட்டர் தூரத்தில் பிழை 0.35 மில்லிமீட்டர்.
50 மில்லிமீட்டர் தூரத்தில் பிழை 0.87 மில்லிமீட்டர்.
100 மில்லிமீட்டர் தூரத்தில் பிழை 1.75 மில்லிமீட்டர்.

தூரத்தை 1 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பால், அதாவது 0.01746-ஆல் பெருக்கி நீங்களே சரிபாருங்கள். நெற்றியிலிருந்து மேல் முன்பற்கள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த 1 பாகை, அனுமதிக்கப்பட்ட 2 மில்லிமீட்டரில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது! அதனால்தான் புள்ளிகளைப் பரவலாகவும், வேலை செய்யும் இடத்தைச் சூழ்ந்தும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகளும் உண்டு. கேமராவுக்கும் உருண்டைக்கும் நடுவே யாராவது நின்றால், சுரங்கப்பாதைக்குள் நுழைந்த கைப்பேசியைப்போல் கணினி தடுமாறும். உருண்டையில் இரத்தம் பட்டாலும் அது சரியாகத் தெரியாது. இவை தொல்லைதான் என்றாலும், சிக்னல் போனது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதைவிட ஆபத்தானது தெரியாமல் நடக்கும் தவறு. யாருடைய முழங்கையாவது தலைக்குறியில் இடித்து அது சற்றே நகர்ந்துவிட்டால், அதன்பின் வரும் எல்லா எண்களும் தவறாகும். ஆனால் திரை எப்போதும்போலத் தெளிவாகவே இருக்கும். எனவே மருத்துவர் அடிக்கடி, வெட்டப்படாத எலும்பில் உள்ள குறித்திருகைச் சுட்டுக்கோலால் தொட்டுப் பார்ப்பார். திரையிலும் கோலின் நுனி அதே இடத்தைத் தொட்டால் தொடரலாம். இல்லையென்றால் நிறுத்தி, மறுபடி பொருத்த வேண்டும். கையால் தொட்டுத் தெரிந்த உண்மையை வைத்துக் கணினியைச் சோதிக்கிறார். கணினியை வைத்து உண்மையை அல்ல.

உங்களுக்குத் தெரியுமா?

மண்டைக்குள் ஒரு புள்ளியை எண்களால் குறித்துச் சென்றடையும் எண்ணம் பழையது. 1908-இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் விலங்குகளின் தலையில் பொருத்தும் உலோகச் சட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். 1947-இல் ஸ்பீகல், வைசிஸ் என்ற இருவர் அமெரிக்காவில் மனிதருக்கான சட்டத்தை அறிவித்தார்கள். 1986-இல் டேவிட் ராபர்ட்ஸ் குழுவினர் கனமான சட்டம் இல்லாமல், ஒலி அலைகளைக் கொண்டு அறுவை நுண்ணோக்கியின் இடத்தைக் கண்டறிந்தார்கள். மூளை அறுவைக்காகப் பிறந்த இந்த உத்தி, பின்னர் மூக்கு, முகம், தாடை என்று பரவியது.

எல்லோருக்கும் இது தேவையா?

தேவையில்லை. அனுபவமுள்ள மருத்துவர் எளிய குறைபாடுகளைக் கடித்தட்டைக் கொண்டே நன்றாகச் சரிசெய்துவிடுவார். வழிகாட்டிக் கருவியின் விலை அதிகம். ஆயத்தம் செய்ய நேரமும் பிடிக்கும். முகம் ஒருபுறம் சாய்ந்தவர்களுக்கும், இரண்டு தாடைகளையும் நகர்த்த வேண்டியவர்களுக்கும், மூட்டைச் சரியாக நம்ப முடியாதவர்களுக்கும் இதன் பயன் கூடுதல். கீழ்த்தாடையில் இதைப் பயன்படுத்துவது இன்னும் கடினம். கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேர்ந்து அசைவதில்லை. அதற்குத் தனியாக ஒரு குறி வேண்டும்.

இதற்குப் போட்டியாக இன்னொரு முறையும் வளர்ந்துள்ளது. நோயாளியின் எலும்புக்கு ஏற்ப முன்கூட்டியே டைட்டானியத் தகட்டை முப்பரிமாண அச்சில் செய்துவிடுகிறார்கள். திருகுத் துளைகள் சரியான இடத்தில் அமைந்தால், தகடே எலும்பைத் திட்டமிட்ட இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். கேமரா வேண்டாம், ஆனால் அறுவையின் நடுவே திட்டத்தை மாற்றுவது கடினம்.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் செய்யாது. எலும்பை 4 மில்லிமீட்டர் நகர்த்தினால் உதடும் கன்னமும் எவ்வளவு நகரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எந்த இடம் அந்த மனிதருக்கு நல்லது, எந்த நரம்புக்கு விலகிச் செல்ல வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரே முடிவெடுக்கிறார். திட்டமே தவறாக இருந்தால், கணினி அந்தத் தவறான இடத்துக்கும் மிகத் துல்லியமாக வழிகாட்டும்.

அறிவியல் கூடத்தில் அளவெடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். எவ்வளவு என்று கேட்கும் முன், எதிலிருந்து என்று கேளுங்கள். அந்த ‘எது’ நகராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. தலைக்குறியை நெற்றியில் திருகாமல் கீழ்த்தாடையில் திருகினால் என்ன தவறு நேரும்?

2. மேல்தாடையை வெட்டிய பிறகு, கணினியின் பொருத்தம் இன்னும் சரியா என்று சோதிக்க மேற்பல்லைத் தொடலாமா?

3. ஒரு பல் இடம்-வலமாக 2, முன்-பின்னாக 3, மேல்-கீழாக 6 மில்லிமீட்டர் நகர்த்தப்பட வேண்டும். நேர்க்கோட்டில் அது எவ்வளவு தூரம் நகரும்?

விடைகள்: 1. கீழ்த்தாடை அசையும்போதெல்லாம் தலைக்குறியும் அசையும். மண்டையோடு அசைந்ததாகக் கணினி தவறாக எண்ணும். 2. கூடாது, மேற்பல் தன் பழைய இடத்தில் இல்லை. வெட்டப்படாத எலும்பில் உள்ள குறியைத் தொட வேண்டும். 3. 4 + 9 + 36 = 49; எனவே 7 மில்லிமீட்டர்.